குழந்தைக்கு இழுப்பு: சளியா, பரம்பரையா? கொங்குப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்லடம், சூலூர், காங்கேயம் வட்டாரத்திலிருந்து வரும் பெற்றோர், குழந்தை மருத்துவம் பார்க்கும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஐந்து வயதுக்குள் சளியோடு வரும் இழுப்பு, அதாவது மூச்சு விடும்போது நெஞ்சில் கேட்கும் கீச்சுச் சத்தம், ஆஸ்துமாவாக மாறுமா, அதில் பரம்பரைக்கு என்ன பங்கு என்பதுதான் விஷயம். குழந்தை இந்த நிமிடமே மூச்சுக்குத் திணறுகிறது என்றால் மற்றதை விட்டுவிட்டு, ‘எப்போது உடனே ஓட வேண்டும்’ என்ற கேள்விக்குப் போய்விடுங்கள்.

சளி பிடிக்கும்போதெல்லாம் பையனுக்கு நெஞ்சு கீச் கீச்சுங்குது. இது ஆஸ்துமாதானுங்களா?

இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-ல் தொடங்கி, பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதுக்குள் மூன்றில் ஒரு குழந்தைக்கு ஒரு தடவையாவது நெஞ்சுச்சளியோடு இழுப்பு வந்திருந்தது. அப்படி வந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் இழுப்பே இல்லை.

கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது. குழாயின் ஆரம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை 16 மடங்கு ஏறும். அதனால் பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாகப் போகிற அதே சளி, எட்டு மாதக் குழந்தைக்குச் சத்தமாகக் கேட்கிறது. குழந்தை வளர வளரக் குழாயும் அகலமாகும். பலருக்கு இழுப்பு நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். கடைசியாகக் கொடுத்த கசாயத்துக்கு அந்தப் பெயர் போய்விடுவது வேறு கதை.

அப்போ யாருக்கு நிற்கும், யாருக்குத் தொடரும்?

முழு நிச்சயமாகச் சொல்ல வழியில்லை, ஆனால் சில தடயங்கள் உண்டு. அப்பா அம்மாவில் ஒருவருக்கு ஆஸ்துமா, குழந்தைக்கு முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் அரிக்கிற கரப்பான், சளி இல்லாத நாளிலும் ஓடினாலோ சிரித்தாலோ இழுப்பு, ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளணு 4 சதவீதத்துக்கு மேல். இவை சேரச் சேர, தொடர வாய்ப்பு கூடும். சளி வந்தால் மட்டும் இழுப்பு, மற்ற நாளெல்லாம் முற்றத்தில் ஓட்டமும் சாட்டமும் என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம்.

எங்க பக்கம் யாருக்கும் இல்லைங்க. அவங்க அப்பா வழியில வந்ததுங்களா?

இந்தக் கேள்வி அம்மாயி வாயிலிருந்தும் வரும், அப்பத்தா வாயிலிருந்தும் வரும். ஒரே நேரத்தில் இருவரும் உள்ளே வந்துவிட்டால் அன்றைக்கு அரை மணி நேரம் போய்விடும். நடுவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள்.

ஆஸ்துமாவில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவதற்கான வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மரபுதான் தீர்மானிக்கிறது என்று தெரிகிறது. தாய்க்கு ஆஸ்துமா இருந்தால் குழந்தைக்கு ஏறத்தாழ மூன்று மடங்கும், தந்தைக்கு இருந்தால் ஏறத்தாழ இரண்டரை மடங்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும், மரபு முழுக்க ஒன்றேயான இரட்டையரில்கூட ஒருவருக்கு ஆஸ்துமா இருந்து மற்றவருக்கு இல்லாமல் இருப்பது சாதாரணம்.

அப்புறம், இது ஒற்றை மரபணுவால் வரும் நோய் அல்ல. 2019-ல் பிரிட்டனின் பயோபேங்க் (மக்களின் உடல்நல, மரபுத் தகவல்களைச் சேமித்து வைத்திருக்கும் திட்டம்) தரவை வைத்து வந்த ஆய்வில், ஆஸ்துமாவோடு தொடர்புடைய 61 இடங்கள் மரபணுத் தொகுப்பில் தெரிந்தன. அவற்றில் 23 சிறுவயதில் தொடங்கும் ஆஸ்துமாவோடு மட்டும் சேர்ந்தவை. ஒவ்வொன்றின் வலுவும் மிகச் சிறியது. இரு தரப்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்த கூட்டு இது. யாருக்கும் இழுப்பே இல்லாத இரண்டு குடும்பம் சம்பந்தம் செய்தாலும் பேரனுக்கு வரலாம். ‘உங்க பக்கம், எங்க பக்கம்’ என்கிற பஞ்சாயத்துக்கு மருத்துவத்தில் தீர்ப்பு கிடையாது.

இன்னொன்று: ‘எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை’ என்பதை நான் முழுக்க நம்புவதில்லை. பெருந்துறையில் காசநோய் சானடோரியம் இருந்த காலத்து ஆட்கள் நெஞ்சு நோயை வெளியே சொல்ல மாட்டார்கள். ‘அப்புச்சிக்குப் பனிக்காலத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும், அது சாதாரணம்’ என்று இரண்டாவது முறை கேட்கும்போதுதான் வெளியே வரும்.

சொந்தத்துல கட்டினதால வந்துதுங்களா?

ஆஸ்துமாவுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்து குழந்தையில் சேர்ந்து வெளிப்படும் நோய்கள்தான் சொந்தத்தில் கட்டுவதால் முக்கியமாகக் கூடும். சளி கெட்டியாகி நெஞ்சை அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் அசையாமல் போகும் பிறவிக் கோளாறு ஆகியவை அந்த வகை. இவை அரிது, ஆனால் ஆரம்பத்தில் ஆஸ்துமா மாதிரியே ஏமாற்றும். பிறந்த நாள் முதல் ஓயாத சளி, எடை ஏறாமை, அடிக்கடி நிமோனியா என்றால் மாமன் மகளைக் கட்டினீர்களா என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான்.

மரபணு எந்த இடத்துலதான் இருக்குங்க?

அதிகம் பேசப்படுவது 17-வது குரோமோசோமில் உள்ள 17க்யூ21 என்ற பகுதி. 2007-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இதைச் சிறுவர் ஆஸ்துமாவோடு முதலில் இணைத்தது. ஓ.ஆர்.எம்.டி.எல்.3, ஜி.எஸ்.டி.எம்.பி. என்ற மரபணுக்கள் அங்கே அக்கம்பக்கமாக இருக்கின்றன. மூச்சுக்குழாயின் உள்பூச்சுச் செல்கள் வைரஸ் வந்தால் எப்படி நடந்துகொள்கின்றன என்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. 2008-ல் வந்த தொடர் ஆய்வில், இந்தப் பகுதியின் தாக்கம் நான்கு வயதுக்குள் தொடங்கும் ஆஸ்துமாவில்தான் தெரிந்தது. அதோடு, குழந்தைப் பருவத்தில் வீட்டில் புகையிலைப் புகை இருந்தவர்களிடம் அது மேலும் வலுவாக இருந்தது.

இன்னொன்று சி.டி.எச்.ஆர்.3 என்ற மரபணு. 2014-ல் டென்மார்க்கில், இரண்டு முதல் ஆறு வயதுக்குள் கடுமையான ஆஸ்துமாவால் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது இது செல்லின் மேற்பரப்பில் என்ன வேலை செய்கிறது என்றே தெளிவில்லை. அடுத்த வருடமே விடை வந்தது: ரைனோ வைரஸ் சி என்ற சளி வைரஸ் செல்லுக்குள் நுழைகிற வாசல் அதுதான். இந்த மரபணுவின் அபாய வடிவம் (நோய் வாய்ப்பைக் கூட்டும் வகை) கொண்டவர்களிடம் செல்லின் மேற்பரப்பில் அந்த வாசல்கள் அதிகமாக இருக்கின்றன. ஆஸ்துமா மரபணு என்று தேடிப்போன இடத்தில் சளிக் கிருமியின் கதவு நின்றது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

அப்படின்னா காரணம் வைரஸா, பரம்பரையா?

இரண்டும் சேர்ந்தால்தான் பிரச்சினை. இதைக் காட்டியது 2013-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு. அமெரிக்காவின் மேடிசனிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் பிறந்தது முதல் கண்காணித்த இரண்டு குழந்தைக் குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சளியின்போதும் மூக்கிலிருந்து மாதிரி எடுத்து எந்த வைரஸ் என்று பார்த்திருந்தார்கள். மரபணுவும் கையில் இருந்தது.

17க்யூ21-ல் அபாய வடிவம் இருந்தும், சின்ன வயதில் ரைனோ வைரஸால் இழுப்பு வராத குழந்தைகளுக்கு அந்த மரபணுவால் ஆஸ்துமா வாய்ப்பு கூடவில்லை. ரைனோ வைரஸ் இழுப்பும் வந்து, அபாய வடிவமும் இருந்தவர்களுக்குத்தான் எகிறியது. ஆர்.எஸ்.வி. என்ற இன்னொரு வைரஸால் வந்த இழுப்போடு இந்த மரபணுவுக்கு அப்படித் தொடர்பே தெரியவில்லை. அதாவது விதை ஒன்று, மழை ஒன்று. மானாவாரிக் காட்டில் மழை இல்லாமல் விதை மட்டும் கிடந்தால் முளைக்காது.

அந்த மேடிசன் குழுவிலேயே 2008-ல் ஒரு கணக்கு வந்திருந்தது. மூன்று வயதுக்குள் ரைனோ வைரஸ் இழுப்பு வந்தவர்களுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருப்பதற்கான சாத்திய விகிதம் 9.8 மடங்கு, ஆர்.எஸ்.வி. என்றால் 2.6 மடங்கு. இந்த எண்ணைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அந்தக் குழுவில் சேர்த்ததே அலர்ஜியோ ஆஸ்துமாவோ உள்ள பெற்றோரின் குழந்தைகளைத்தான்.

இழுப்பு நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவை உண்டாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே ஆஸ்துமாவுக்குத் தயாராக இருக்கும் நெஞ்சு சளி வந்ததும் காட்டிக்கொடுக்கிறதா? ஆர்.எஸ்.வி. விஷயத்தில் இது இன்னும் இழுபறிதான். டென்மார்க்கில் 8,280 ஜோடி இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது, கடுமையான ஆர்.எஸ்.வி. ஆஸ்துமாவை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. ஆஸ்துமாவுக்கான மரபு உள்ள குழந்தைகள்தான் ஆர்.எஸ்.வி.யில் அதிகம் அவதிப்படுகிறார்கள் என்றே தெரிந்தது. ஆனால் 2023-ல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், முதல் வயதில் ஆர்.எஸ்.வி. தொற்றாத குழந்தைகளுக்கு ஐந்து வயதில் ஆஸ்துமா வாய்ப்பு 26 சதவீதம் குறைவு. இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்பது என் கணிப்பு.

சளியே பிடிக்காம வெச்சிருக்க முடியாதுங்களா?

முடியாது. ரைனோ வைரஸில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, தடுப்பூசி கிடையாது. ஆர்.எஸ்.வி. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் வந்துவிடும். முதல் ஆறு மாதம் சளி பிடித்தவர்கள் குழந்தையைத் தூக்காமல் இருப்பது, கை கழுவிவிட்டுத் தூக்குவது, தாய்ப்பால் ஆகியவை உதவும். முக்கியமாக, சீர் கொண்டு வரும் நாளில் இருமிக்கொண்டே ‘வா சாமி’ என்று கன்னத்தில் முத்தம் கொடுக்கும் உறவினரைத் தைரியமாகத் தடுங்கள். கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கலாமா?

வேண்டாம். 17க்யூ21 அபாய வடிவம் மிகச் சாதாரணமானது. அதை வைத்திருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆஸ்துமா வராது. முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது. அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தி மருந்தை இழுக்க வைக்கும் குழல்) ஒன்றும் புகையில்லாத அடுப்பும் வாங்கலாம்.

குளிக்க வெச்சதும் சாம்பிராணி போடறது காலங்காலமா இருக்கறதுதானுங்களே?

இருக்கிறது, ஆனாலும் நிறுத்துங்கள். குளித்த குழந்தையை மடியில் கவிழ்த்துப் போட்டு, தூபக்கால் மேல் தலைமுடியைக் காட்டி, அறைக் கதவையும் சாத்திவிடுகிறார்கள். தணலிலிருந்து எழும் புகை முழுக்க அந்தச் சின்ன நெஞ்சுக்குள்தான் போகிறது. ஏற்கெனவே இழுப்பு வந்த குழந்தை என்றால் மாலையே இங்கே வந்துவிடும். தலையைத் துண்டால் துடைத்து வெயிலில் சற்றுக் காட்டினால் போதும்.

கொசுவர்த்திச் சுருள், விறகு அடுப்பு, அப்பாவின் சிகரெட், அப்பாருவின் சுருட்டு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இதில் புகையிலைதான் மோசம். மேலே 17க்யூ21 பற்றிச் சொன்ன 2008 ஆய்வை நினைத்துப் பாருங்கள்: அதே மரபணு, வீட்டில் புகை இருந்தால் கூடுதல் கேடு. மரபை மாற்ற முடியாது. பீடியை அணைக்க முடியும். ‘வெளியே திண்ணையில்தான் பிடிக்கிறேன்’ என்பார்கள். சட்டையிலும் மூச்சிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது.

மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் தனி வகை நிமோனியா வரும். கற்பூரத்தை எண்ணெயில் குழைத்து நெஞ்சில் தேய்ப்பதையும், இரண்டு வயதுக்குள் தைலம் தடவுவதையும் விட்டுவிடுங்கள்.

தோட்டத்துச் சாளையில வளர்ற குழந்தைக்கு இழுப்பு வராதுன்னு சொல்றாங்களே?

வராது என்பது மிகை. குறைவு என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். மரபு வழியில் நெருங்கியவை. ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டியே மாடும் குதிரையும் வைத்துப் பழைய முறையில் பண்ணையம் பார்ப்பவர்கள். ஹட்டரைட் மக்கள் இயந்திரங்களோடு பெரிய அளவில் செய்பவர்கள். சிறுவர் ஆஸ்துமா ஆமிஷ் பக்கம் 5.2 சதவீதம், ஹட்டரைட் பக்கம் 21.3. ஆமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்ச் சத்து பல மடங்கு இருந்தது. அது அந்தக் குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்கியிருக்கிறது. இது 2016-ல் வெளிவந்தது.

அதே வருடம் ஐரோப்பியக் கிராமப்புறக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். முதல் வருடத்தில் மாட்டுக் கொட்டகைப் பழக்கம் இருந்த குழந்தைகளில், 17க்யூ21-ல் அபாய வடிவம் உள்ளவர்களுக்கே இழுப்பு குறைந்தது. எந்த மரபு புகையிடம் பலவீனமோ, அதே மரபு கட்டுத்தரையால் அதிகம் பலன் பெறுகிறது. காங்கேயம் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடுகளில் இதைச் சொன்னால் முகம் மலரும்.

இதைக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே இழுப்பு உள்ள நான்கு வயதுக் குழந்தையை வைக்கோல் போருக்குள் விட்டுவிடாதீர்கள். பலன் கைக்குழந்தைப் பருவத்தில் பழகுவதில்தான். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணையின் அமோனியா நெடியும் கட்டுத்தரையும் ஒன்றல்ல. காய்ச்சாத பாலும் கூடாது. புருசெல்லா, காசநோய்க் கிருமிகள் அதில் வரலாம்.

ரெண்டு பேரும் பஞ்சு மில்லுலதான் வேலை. அதனாலயா?

பஞ்சுத் தூசி ஆஸ்துமா மரபை உண்டாக்காது. ஆனால் குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும். ஷிப்ட் முடிந்து வந்தால் உடுப்பை மாற்றி, கை, முகம், தலை கழுவிவிட்டுக் குழந்தையை எடுங்கள். விசைத்தறி வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது என்றால் தொட்டிலைத் தறிக்கூடத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் தூசி கிளம்பும்; ஈரத்துணியால் துடையுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைக் கழற்றி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இந்த அளவைத் தொட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, பேச முடியாமை, துவண்டு தூங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். சத்தமாகக் கேட்ட இழுப்பு திடீரென்று அடங்கி, குழந்தையும் சோர்ந்தால் அது குணமல்ல. காற்றே போகவில்லை என்று பொருள்.

இன்ஹேலர் வெச்சா பழகிடாதுங்களா? சிரப்பே போதுமே?

பழகாது. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். இன்ஹேலரில் மிகக் குறைந்த மருந்து நேராக நெஞ்சுக்கு. மாஸ்க் வைத்த ஸ்பேசர் இல்லாமல் சின்னக் குழந்தைக்கு இன்ஹேலரால் பயன் இல்லை. ஸ்பேசர் கைவசம் இல்லாத இடத்தில், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு இறுக்கிச் செய்ததும் நன்றாகவே வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் 1999-லேயே காட்டியிருக்கிறார்கள்.

மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு தடவை அழுத்தி, ஐந்தாறு மூச்சு விட்டபின் அடுத்தது. கதறி அழும் குழந்தைக்கு மருந்து உள்ளே இறங்காது. தூங்க வைத்தோ, பொம்மைக்கு முதலில் வைத்துக் காட்டியோ கொடுங்கள். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் உள்சுவரில் மின்னேற்றம் ஏறி மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

முன்கூட்டியே ஸ்டெராய்டு இன்ஹேலர் கொடுத்தா ஆஸ்துமா வராம தடுத்துடலாமா?

2006-ல் வெளியான ஆய்வில், வாய்ப்பு அதிகமுள்ள இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வருடம் தொடர்ந்து கொடுத்தார்கள். கொடுக்கும்வரை நன்றாக இருந்தார்கள். நிறுத்தியதும் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆகவே தடுப்பதற்காக அல்ல, அடிக்கடி இழுப்பு வரும் குழந்தை ராத்திரி தூங்கவும் பகலில் ஓடவும்தான் இதைத் தருகிறோம். உயரம் பற்றிக் கேட்பார்கள்: நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் குறையலாம். கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் குறைக்கும்.

வாழைப்பழம், தயிர், இளநீர் நிறுத்தணுங்களா?

வேண்டாம். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்ட உடனே தடிப்போ வாந்தியோ இழுப்போ வந்தால் மட்டும் அதை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

காட்ட வரும்போது என்ன கொண்டு வரட்டுங்க?

ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்ட சத்தம் காலையில் என் ஸ்டெதஸ்கோப்பில் இருக்காது. அப்போதே சட்டையை விலக்கி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். மாதக் காலண்டரில் இழுப்பு வந்த நாளையும், இழுப்பு வந்தால் உடனே அடிக்கும் நீல இன்ஹேலரை அடித்த தடவைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டு, எக்ஸ்ரே, கடையில் வாங்கிக் கொடுத்த சிரப்பின் அட்டை எல்லாம் வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கட்டாயம் எடுத்து வாருங்கள். எப்படி அடிக்கிறீர்கள் என்று என் முன்னால் ஒரு முறை செய்து காட்ட வேண்டும். அப்பத்தா ராத்திரியில் கொடுப்பவர் என்றால் அவரே வந்து காட்டட்டும்.